பீப்... பீப்... நெட்டுக்குப்பம்!

"எதுக்கு லீவு?" என்றார் மேனேஜர்.

"புதையல் எடுக்கப் போறேன் ஸார்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் லீவு சுலபமாகக் கிடைக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக எத்தனை தாத்தா பாட்டிகளை அநியாயமாகச் சாகடித்திருக்கிறேன்!

விஷயம் இதுதான். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சந்தில், செகண்ட் ஹாண்ட் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கியிருந்தேன். கோயில் வாசலிலும் ஏர்போர்ட்டிலும் கையைத் தூக்கச் சொல்லித் தடவுவார்களே, அது இல்லை. இது நீளக் கம்பு. நுனியில் டிபன் தட்டு சைஸில் ஒரு வட்டம். கைப்பிடிப் பக்கம் ஒரு பெட்டி, அதில் மூன்று குமிழ், ஒரு முள். வெளிநாட்டில் ரிட்டயர் ஆன தாத்தாக்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பீச் பீச்சாகத் தடவிக்கொண்டு போவார்களே, அந்தச் சாமான். அமெரிக்க சரக்கு. வயசு எப்படியும் முப்பதுக்கு மேல். கடைக்காரர் எட்டாயிரம் சொன்னார். நான் மூவாயிரம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாலாயிரத்து இருநூறுக்கு ஏறி விட்டேன்.

1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இன்றைக்கு இருந்திருந்தால், இதையே ஆயிரம் ரூபாய்க்குப் பேசி, கூடவே ஒரு பழைய டிக்‌ஷனரியும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அது போகட்டும்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு, அடி வாங்கியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கடைக்குள் வைத்து டெஸ்ட் பண்ணாதீர்கள். நான் பண்ணினேன். இரும்பு மேஜை, இரும்பு அலமாரி, இரும்பு ஷட்டர் என்று மூன்று பக்கமும் இரும்பு. மெஷின் நிறுத்தாமல் ஊளையிட்டது. "பாத்தீங்களா ஸார், எவ்ளோ பவர்!" என்றார் கடைக்காரர். தெருவுக்குத் தூக்கி வந்து, வாட்ச் மோதிரம் எல்லாம் கழற்றிவிட்டு, தட்டுக்கு முன்னால் ஒரு நாணயத்தைக் காட்டி எவ்வளவு தூரத்தில் சத்தம் வருகிறது என்று பார்க்க வேண்டும். தட்டிலிருந்து மேலே ஏறுகிற ஒயரைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டினாலே சத்தம் போட்டால் உள்ளே ஒயர் செத்துக்கொண்டிருக்கிறது, வாங்காதீர்கள். முக்கியமாக, பாட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நான் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால், பத்து வருஷத்துக்கு முந்தைய பாட்டரி கசிந்து, உள்ளே பச்சைப் பாசி படிந்த கோயில் குளம் மாதிரி இருந்தது. வினிகரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக ஒரு ராத்திரி.

"புதையல் எடுத்ததும் முதல்ல எனக்கு ஒரு வினிகர் பாட்டில் வாங்கிக் குடுங்க" என்றாள் என் மனைவி.

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று ஆபீஸ் பாஷையில் சொல்லிவிடுகிறேன். தட்டுக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள். ஒன்று மேனேஜர், ஒன்று ஸ்டெனோ. மேனேஜர் சுருள் தரையைப் பார்த்து விநாடிக்குப் பல ஆயிரம் தடவை "யாரங்கே?" என்று காந்த அலையால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் குட்டி மின்சாரம் சுழன்று, அது பதிலுக்கு ஒரு காந்த அலையை விடும். ஸ்டெனோ சுருள் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொரு உலோகமும் பதில் சொல்கிற வேகம் வேறு. இரும்பாணி கேட்ட உடனே "உள்ளேன் ஐயா" என்று கத்தும். வெள்ளி, செம்பு மாதிரி ஆசாமிகள் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்வார்கள். இந்தத் தாமதத்தை அளந்துதான் மெஷின் உலோகத்தின் ஜாதியைக் கண்டுபிடிக்கிறது.

ஜாதி என்றேன் இல்லையா? பெட்டியில் இருக்கிற நடுக்குமிழின் பெயரே 'டிஸ்க்ரிமினேஷன்'. பாகுபாடு! அதை வலது பக்கம் திருகினால் இரும்பு எவ்வளவு கத்தினாலும் மெஷின் காதில் போட்டுக்கொள்ளாது. தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், அலுமினியத்துக்கு மட்டும் பீப். புதையல் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் இதுதான்: இரும்பைத் தள்ளு. அந்தக் குமிழை நான் எங்கே வைத்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

சரி, ஏன் நெட்டுக்குப்பம்? மெரினாவில் மெஷினை வெளியே எடுத்தால் பத்து நிமிஷத்தில் நூறு பேர் கூடி, பதினோராவது நிமிஷம் போலீஸ் வரும். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் கிராமம் நெட்டுக்குப்பம். ஜன சந்தடி குறைச்சல். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் உல்லாசமாகப் பொழுது கழிக்க வந்த இடம் எண்ணூர். யாராவது ஒரு துரைசானி ஒரு மோதிரத்தையாவது நழுவ விட்டிருக்க மாட்டாளா என்று ஒரு நப்பாசை. இன்னொரு நப்பாசையும் உண்டு, எம்டன்! 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தை நோக்கிக் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளை எரித்துவிட்டுப் போனதே, அதில் ஒரு துண்டு? எம்டன் குறிவைத்த துறைமுகம் இங்கிருந்து பல மைல் தெற்கே என்பது உண்மைதான். ஆனால், லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் கணக்கா பார்க்கிறான்?

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். மெஷினை இரண்டாகக் கழற்றிப் பழைய பெட்ஷீட்டில் சுற்றியிருந்தேன். கொருக்குப்பேட்டையில் ஏறிய ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா ஸார், புல்லு வெட்ற மெஷினா?"

"ஆமாங்க."

"எண்ணூர்ல ஏது ஸார் புல்லு?"

நியாயமான கேள்வி. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று வண்டி போகப் போக ஜன்னலில் பச்சை குறைந்து, டாங்கு, குழாய், கன்டெய்னர், லாரி என்று சாம்பல் நிறம் கூடிக்கொண்டே போனது. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ.

கடற்கரைக்குப் போய் நின்றதும் ஒரு நிமிஷம் மெஷினை மறந்துவிட்டேன். வடக்கே முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கும் வடக்கே, 2001-ல் எண்ணூர் துறைமுகமாகத் தொடங்கி 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியதன் பெரிய பெரிய கிரேன்கள். ஊருக்குப் பின்பக்கம், 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தின் இடம். தூரத்தில் கப்பல்கள் முறை வைத்து நின்றன, ரேஷன் கடை வரிசை மாதிரி. இத்தனைக்கும் நடுவில், கொஞ்சூண்டு மணலில் நீலமும் மஞ்சளுமாக ஃபைபர் படகுகள், காயப் போட்ட வலைகள், கருவாட்டு வாசனை, ஒரு நாய். நாட்டுக்கே கரண்ட் குடுக்கிற இடத்தில், வலைக்காரர் ஒருவர் மர நிழலில் உட்கார்ந்து கையால் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்.

மெஷினை மாட்டினேன். ஹெட்ஃபோனைப் போட்டேன். ஆன் பண்ணினேன்.

பீப்!

இதயம் வாய்க்கு வந்தது. ஒரு அடி வைத்தேன். பீப்! இன்னொரு அடி. பீப்! அடேயப்பா, அடிக்கொரு புதையல்! மண்டி போட்டு ஆறு இடத்தில் தோண்டினேன். மணல், மணல், மணல். ஏழாவது குழியின்போது, வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். லுங்கி, தலையில் துண்டு.

"இன்னா தம்பி தேடுற?"

"சும்மா... உலோகம் ஏதாவது..."

என் காலைப் பார்த்தார். "பூட்ஸுல இரும்பு வெச்சது மாதிரி கீதே?"

இருந்தது. ஃபாக்டரியில் வேலை பார்க்கிற என் மச்சானிடம் இரவல் வாங்கிய ஸேஃப்டி ஷூ. விரல் பக்கம் இரும்புத் தொப்பி. நான் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மெஷின் என் கட்டை விரலைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது!

வெட்கப்படவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லுக்கே இது நடந்திருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறதென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் அவசர அவசரமாக ஒரு உலோகம் காட்டும் கருவி செய்து எடுத்துக்கொண்டு போனார். கருவி எங்கே வைத்தாலும் முனகியது. அப்புறம் பார்த்தால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள்! போதாததற்கு, டாக்டர் வலது பக்கம்தான் தேட விட்டார். குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்துபோனார். கருவியில் தப்பில்லை.

ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஆரம்பித்தேன். முதலில் அலை ஓரம். மறுபடியும் கன்னாபின்னாவென்று சத்தம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மணல் முழுவதும் ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரி இந்த வகைப் பழைய மெஷினை ஏமாற்றும். கடல் ஈரத்துக்கென்றே 'பல்ஸ் இன்டக்‌ஷன்' என்று வேறு வகை மெஷின் இருக்கிறது. என்னிடம் இருப்பது அது இல்லை. ஏறி, படகுகள் நிற்கிற காய்ந்த மணலுக்கு வந்தேன். அங்கேயும் ஒரு முணுமுணுப்பு. பெரியவர் ஒரு பிடி மணலை எடுத்து ஊதிக் காட்டினார்.

"சாம்பலு தம்பி. ஆத்துல பூரா இதான். நிலக்கரிச் சாம்பலு."

நிலக்கரிச் சாம்பலில் இரும்பு ஆக்ஸைடு பொடி கலந்திருக்கும். ஒரு காந்தத்தை விட்டால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். மெஷின் அதையும் ஒரு உலோகம் என்றே நினைக்கும். இதற்கு மருந்து, ஸென்ஸிடிவிட்டி குமிழைப் பாதிக்குக் குறைப்பது. புதிதாக வாங்கினவர்கள் எல்லோரும் அதை முழுசாகத் திருகி வைத்துவிட்டு மெஷின் சரியில்லை என்று திட்டுவார்கள். பாதியில் வைத்ததும் சாதுவாகிவிட்டது. தட்டை வீசுகிற விதமும் அப்போதுதான் பிடிபட்டது. ஊஞ்சல் மாதிரி ஓரத்தில் மேலே தூக்கக்கூடாது. வீடு மெழுகுகிற மாதிரி, தரையை ஒட்டி, ஒரே மட்டத்தில், முன்பு வீசின தடத்தின் மேல் பாதி ஏறுகிற மாதிரி மெதுவாகப் போக வேண்டும்.

அப்புறம்தான் நிஜ பீப்கள் வந்தன. நடுக்குமிழ் இரும்பைத் தள்ளுகிற நிலையில்.

முதல் கண்டுபிடிப்பு: பாக்குப் பொட்டலத்து அலுமினியக் காகிதம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் அதுவே. ஐந்தாவது கனமான உருண்டை, மங்கிய வெள்ளை நிறம். வெள்ளி! பத்தடியில் இன்னொன்று. இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று. பரப்பி வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் போகாத ஒரு பையன் எட்டிப் பார்த்தான். வலது காலில் அழுக்கான ஒரு கட்டு.

"அண்ணா, அது எங்க நைனா வலைக் குண்டுண்ணா!"

ஈயம். வலை அடியில் கட்டுகிற ஈயக் குண்டு. இருபத்து மூன்றையும் கொடுத்துவிட்டேன். தங்கத்துக்கும் ஈயத்துக்கும் அலுமினியக் காகிதத்துக்கும் இந்த மாதிரி மெஷினில் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஆடும். அதனால் மோதிரம் வேண்டுமென்றால் குப்பையையும் தோண்டியாக வேண்டும், தப்பிக்க வழியில்லை.

காசாவது கிடைக்குமென்று பார்த்தால் அதிலும் ஒரு வேடிக்கை. மெஷினின் முள்ளுக்குக் கீழே அமெரிக்க நாணயங்களின் பெயர்தான் எழுதியிருக்கிறது: நிக்கல், பென்னி, டைம். நம்முடைய இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதாவது, இந்த மெஷின் கணக்குப்படி இரும்பு ஜாதி. என் பையிலிருந்த ஒரு ரூபாயை மணலில் புதைத்து அதன்மேல் தட்டை ஓட்டினேன். அரைகுறையாக ஒரு 'க்ளிக்'. அவ்வளவுதான். பழைய பெரிய செம்பு-நிக்கல் ரூபாய் என்றால் பாடும். இந்திய அரசாங்கத்தின் இன்றைய ரூபாயை அமெரிக்க மெஷின் மதிப்பதில்லை என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

மீன் கூடையோடு வந்த ஒரு ஆயா நின்று விசாரித்தார்.

"எம் மூக்குத்தி ஒண்ணு போன மாசம் இங்கதான் உழுந்துச்சி கண்ணு. அது காட்டுமா?"

காட்டாது. ஒற்றைக்கல் மூக்குத்தி, மெல்லிய சங்கிலி எல்லாம் இந்தப் பழைய மெஷினுக்கு ரொம்பப் பொடிசு. இருந்தாலும் அவர் காட்டின இடத்தில் அரை மணி தடவினேன். இரண்டு பாக்குப் பொட்டலம். ஆயா "பரவால்ல உடு" என்று போய்விட்டார். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

நிஜமாகவே ஏதாவது கிடைத்தால்? சட்டம் இருக்கிறது. 1878-ம் வருஷத்து புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடக்கும் விலையுள்ள எதுவும் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. பத்து ரூபாய்! 1878-ல் அது ஒரு குடும்பத்தின் மாசச் செலவாக இருந்திருக்கும். இன்றைக்கு ஒரு டீயோடு சரி. அது போக, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 1972-ம் வருஷச் சட்டம் தனி. பழவேற்காட்டு டச்சுக் கல்லறை மாதிரி தொல்லியல் துறை பாதுகாக்கிற இடங்களில் மண்வெட்டியோடு போய் நிற்கவே கூடாது. கடற்கரையில் தங்கம் கிடைப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 நவம்பரில் நிவர் புயலுக்கு அப்புறம் ஆந்திராவில் உப்பாடா கரையில் பொடிப்பொடியாகத் தங்கம் ஒதுங்கி, ஊரே சீப்பும் குச்சியுமாக மணலைச் சலித்தது. மெட்டல் டிடெக்டர் யாரிடமும் இல்லை. எல்லாம் வெறும் கண்தான்.

மத்தியானம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, கவிழ்த்துப் போட்ட படகு நிழலில் உட்கார்ந்தேன். பெரியவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தக் கரைக்கு என்னென்ன வந்து சேர்ந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். 2017 ஜனவரி 28-ம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் தாராகக் கரைக்கு வந்ததும், எண்ணூர்க் கரையில் ஜனங்கள் வாளி வாளியாக அள்ளினதும் நமக்கும் பேப்பரில் படித்த ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் வந்த எண்ணெய் வேறு. "போட்டு, வல, நண்டு, நாயி... எல்லாம் கறுப்பு. மூணு மாசம் மீனுன்னாலே ஒருத்தனும் வாங்கல" என்றார். "எங்க கரைல இல்லாத சாமானே இல்ல தம்பி. எதுவும் நாங்க போட்டது இல்ல, அவ்ளோதான்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஃபைபர் படகு கரைக்கு வந்தது. ஆறு பேர் இறங்கி, அடியில் உருட்டுக் கட்டை கொடுத்து, சத்தம் போட்டு இழுத்தார்கள். பாதி தூரம் ஏறியிருக்கும். 'க்ர்ர்ர்க்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பெரியவர் எழுந்த வேகம் இருக்கிறதே!

படகை ஒருக்களித்துப் பார்த்தார்கள். அடியில் ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மணலைக் கையால் விலக்கினால், நாலு விரற்கடை ஆழத்தில் கான்கிரீட் கம்பி ஒன்று மேலே பார்த்தபடி. எப்போதோ கடல் தின்ற ஏதோ ஒரு சுவரின் மிச்சம். இந்தப் பக்கத்துக் கரை முழுக்கக் கடல் வீடுகளை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. சுவர் போய்விடும், கம்பி மட்டும் மணலுக்குள் காத்திருக்கும். அந்தப் பையன் காலில் கட்டு எப்படி வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். இதே மாதிரி இன்னொரு கம்பி. டிடி ஊசி, ஏழு தையல்.

படகுக்காரர் இளைஞர். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஃபைபர் ஒட்டி, காய்ந்து, மறுபடி கடலில் இறக்க மூன்று நாள். செலவு நாலாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். என் மெஷின் விலை.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காலைல இந்த எடத்துலதானே தட்டிக்கினு இருந்த? ஒம் மெஷினு ஒண்ணும் சொல்லலியா?"

அதே இடம். என் கால் தடம்கூட அங்கே இருந்தது. அந்தக் கம்பி நிச்சயமாகக் கத்தியிருக்கும். இரும்பு பேசினால் காதில் போடாதே என்று குமிழைத் திருகி வைத்திருந்தவன் நான்.

"இரும்பைக் காட்டாத மாதிரி வெச்சிருந்தேங்க" என்றேன்.

"இரும்பக் காட்டக் கூடாதா? ஏன்?"

அதற்கு என்ன பதில் சொல்வது? இலங்கையில் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் முகமாலை என்று ஓர் இடம். போரில் விதைத்த கண்ணிவெடிகளைப் பல வருஷமாகத் தோண்டி எடுக்கிறார்கள். 2002 முதல் இலங்கையில் வேலை செய்கிற ஹாலோ டிரஸ்ட் என்ற அமைப்பில் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். கையில் இதே மாதிரி கம்பும் தட்டும்தான். பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் ஒரு துணுக்குதான் இருக்கும். அதனால் எவ்வளவு சின்ன பீப் வந்தாலும் அங்கே மண்டி போட்டுப் பொறுமையாகச் சுரண்டிப் பார்த்தாக வேண்டும். ஆணியாக இருந்தாலும் சரி. 'இது வேண்டாத உலோகம்' என்று ஒதுக்குகிற பேச்சே அவர்கள் வேலையில் கிடையாது. இதைப் படித்தவன்தான் நான். படித்துவிட்டு, மோதிரத்துக்காகக் குமிழைத் திருகினேன்.

குமிழை இடது பக்கம் கடைசி வரைக்கும் திருகினேன். ஸைபர்.

"எங்கெங்க போட்டு ஏத்துவீங்க, காட்டுங்க."

ஐம்பது அறுபது தப்படி அகலத்துக்கு ஒரு இடம் காட்டினார். வலைக் கயிற்றை நீளமாகப் போட்டு, பாத்தி கட்டுகிற மாதிரி கோடு பிரித்துக்கொண்டோம். நான் தட்டை ஓட்ட, பீப் வருகிற இடத்திலெல்லாம் கால் கட்டுப் பையன் விளக்குமாற்றுக் குச்சி நட்டுக்கொண்டே வந்தான். அரை மணியில் கரை முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. பெரிய இரும்பு இரண்டடி ஆழத்தில் இருந்தால்கூட மெஷின் அகலமாக, கரகரப்பாகக் கத்தும். ஆணி என்றால் சின்னதாக வெட்டிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் பையனே சத்தத்தை வைத்து "இது பெருசுண்ணா... இது டுபாக்கூர்ண்ணா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஹெட்ஃபோனை அவனுக்கே மாட்டிவிட்டேன். அப்புறம் அது என்னிடம் திரும்பி வரவில்லை.

பின்னால் நாலு பேர் மண்வெட்டியோடு. கம்பித் துண்டு, போல்ட்டு, படகு ஆணி, சங்கிலிக் கண்ணி, பாதி நங்கூரம். ஓர் இடத்தில் ஒரே கான்கிரீட் கட்டியிலிருந்து ஐந்து கம்பி, கை விரல் மாதிரி. அதைப் பிடுங்க ஆறு பேரும் ஒரு மணி நேரமும் ஆயிற்று. வெடிகுண்டு மாதிரி உருளையாக ஏதாவது வந்தால் தொடாமல் விலகி வந்து போலீஸுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். பையன் கண்ணில் ஆசை தெரிந்தது. நல்ல வேளை, எம்டன் வரவில்லை. ஒரு சைக்கிள் பெடல் வந்தது.

இருட்டுவதற்குள் முக்கால்வாசி இடம் முடிந்தது. பழைய இரும்புக் கடையில் எடை போட்டால் நாற்பத்தோரு கிலோ. வந்த காசை இளைஞர் கையில் கொடுத்தார்கள். நாலாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அவர் எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டார். காலையில் பார்த்த ஆயா எங்கிருந்தோ வந்து, கிழங்கான் மீன் ஒரு பாலிதீன் பை நிறையக் கையில் திணித்தார். காசு நீட்டியதற்கு முறைத்தார்.

ரயிலில் ஈர மணலும் துருவும் மீனுமாக நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக இடம் கிடைத்தது. வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள்.

"புதையல்?"

மீன் பையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "நல்ல ஃப்ரெஷ்ஷு. எவ்ளோ?"

"நாலாயிரத்து இருநூறு" என்றேன்.

மறுநாள் ஆபீஸில் மேனேஜர் கேட்டதற்கு நாற்பத்தோரு கிலோ என்றேன். அந்த வாரம் முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

மூன்றாவது வாரம். சனிக்கிழமை ராத்திரி பெரிய மழை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு போன். கால் கட்டுப் பையன்.

"அண்ணா, நைட்டு அல மண்ண அரிச்சுடுச்சிண்ணா. படகு ஏத்துற எடத்துல புதுசா மண்ணு மாறிக் கீது. தாத்தா உன்ன வரச் சொல்லிச்சி."

"வரேன்டா. பாட்டரி வாங்கிட்டு வரேன்."

"ரெண்டு செட்டா வாங்கினு வாண்ணா. போன தபா பாதில நின்னுடுச்சில்ல? அந்த முக்குல ஒண்ணு கீது, எனக்குத் தெரியும்."